இஸ்திரி போட்ட மாப்பிள்ளை

புதர் சாருக்கு அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவிதான். கல்லூரியில் அவர் தாவரவியல் பேராசிரியர். தெருவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வந்து பார்த்து, அதன் லத்தீன் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். செடி செத்துப்போகும், ஆனால் மரியாதையோடு.

அவருடைய செல்லம், கல்லூரித் தோட்டத்து மூலையில் இடுப்புயரம் நின்ற ஒரு காட்டுப் புதர். அந்த வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் முளைக்காத வகை. சாம்பல் இலை, கடுகளவு பூ; அழகி என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்த வகையில் ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. இது பெண். ஒட்டு, பதியன் எதற்கும் மசியவில்லை. விதை ஒன்றுதான் வழி. ஆண் செடியோ யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு வருடமும் அது பூக்கும், காத்திருக்கும், உதிர்த்துவிடும். சாருக்கு அன்று சோறு இறங்காது.

"சொந்தப் பொண்ணுக்குக்கூட யாரும் இப்படி வரன் தேடி அலைய மாட்டாங்க," என்பார் மனைவி.

இந்த முறை அது பூத்து நின்றபோது, லாரி ஓட்டும் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, உங்க செடி ஜாடையில ஒண்ணு கல்குவாரி ஓரத்துல நிக்குது. சீக்கிரம் வாங்க, அந்தப் பாறையையும் உடைக்கப் போறாங்களாம்."

போய்ப் பார்த்தால், ஆண்தான்! பாறை இடுக்கில் வேர், பெயர்க்க வராது. ஒரே ஒரு கிளையில் பூ. சாரின் கண் கலங்கியது. கை கலங்கவில்லை. காலமெல்லாம் பழகிய கை அது: அரிய செடியைக் கண்டால், காயவைத்துச் சேமிக்கக் கத்தரியால் ஒரு கிளையை வெட்டு, செய்தித்தாள் மடிப்பில் வை, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கு. வெட்டியது, வைத்தது, இறுக்கியது. சாரும் தன் பங்குக்குப் பலகைமேல் முழங்காலை ஊன்றிக் கொடுத்தார்.

பாதி வழியில்தான் மூளை வந்து சேர்ந்தது.

"டேய், நிறுத்துடா வண்டிய!"

"என்ன மாமா, எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"விட்டுட்டு வந்திருந்தாப் பரவாயில்லையேடா! மகரந்தம் எடுக்க வந்தவன், பூவையே நசுக்கிட்டேன்!"

தோட்டத்து வாசலில் மனைவி நின்றிருந்தார். கதையைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஊரெல்லாம் தேடி மாப்பிள்ளையைப் புடிச்சு, இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்கீங்களே!"

சாரின் வாடிய முகத்தைப் பார்த்ததும் மனைவி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, தானே வாரை அவிழ்த்தார். பூக்கள் அப்பளமாகக் கிடந்தன. ஆனால் செய்தித்தாளில், சிரித்துக்கொண்டிருந்த ஒரு மந்திரியின் கன்னத்தில், மஞ்சள் தூள் உதிர்ந்திருந்தது.

"இதானே அது?"

"அதான். உயிர் இருக்குமோ என்னவோ…"

"தடவிப் பாத்தாத்தானே தெரியும்?"

கண்ணுக்கு மை தீட்டப் புதிதாக வாங்கியிருந்த பிரஷ்ஷைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சார் மந்திரியின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் புதரின் ஒவ்வொரு பூவிலும் தடவினார். மந்திரியால் நாட்டுக்கு நடந்த முதல் நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சில வாரம் கழித்து, சார் கூப்பிட்டாரென்று மனைவி தோட்டத்துக்கு ஓடினார். பூவெல்லாம் உதிர்ந்திருக்க, ஒரே ஒரு காம்பில் மட்டும் மிளகளவு பச்சையாக ஒரு காய். சாரின் கண் கலங்கியது. கை மெல்லச் சட்டைப் பையைத் துழாவியது.

"தேடாதீங்க," என்றார் மனைவி. "கத்தரியை அன்னைக்கே எடுத்து என் பையில போட்டுட்டேன்."