கூடத்துக்கு வந்த ஷூ

என் அண்ணன் வீட்டுக் கூடத்தில், டிவி இருக்கும் மேஜைக்குக் கீழே, ஒரு ஜோடி பழைய சேஃப்டி ஷூ இருக்கிறது. முன்பக்கம் இரும்பு வைத்து, கணுக்கால் வரை ஏறும் கனமான ஷூ. ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். முதல்முறை வீட்டுக்கு வருகிறவர்கள் யாரோ மறந்து விட்டுவிட்டதாக நினைத்து அதை வாசலுக்கு எடுத்துப் போகப் பார்ப்பார்கள். அண்ணி சமையலறையில் இருந்தபடியே, "அது அங்கியே இருக்கட்டுங்க" என்று குரல் கொடுப்பார். அண்ணனுக்குச் சுரங்கத்தில் புது ஷூ கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பழையதற்குப் பூ வைக்காததுதான் பாக்கி.

அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊரின் தூசியிலிருந்து தொடங்க வேண்டும். நெய்வேலியில் துணி காயப் போடும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்போம். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு துடைக்கிற துணி தொங்கும். நிலக்கரி மைன்ஸில் வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து வந்தால் முன்வாசல் ஏறாமல், வீட்டைச் சுற்றிப் பின்கதவு வழியாகப் போய், குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். என் அண்ணனும் அப்படித்தான். ஆகவே, அண்ணி துடைப்பதும் கழுவுவதும் எங்களில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மழை பெய்கிற ஊரில் ஒருவர் குடை வைத்திருப்பதை யார் கவனிப்பார்கள்?

முதலில் அண்ணனுக்கு மட்டும் இருந்த பின்கதவு, பிறகு பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கும் ஆனது. அப்புறம் காய்கறிப் பைக்கு, கேஸ் சிலிண்டருக்கு, ஒருநாள் எனக்கும். அண்ணனுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். பண்ருட்டி பக்கத்திலேயே இருந்தும், பிசுபிசுப்பு வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டு திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு வருவார். நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். "எங்க அண்ணி வீட்டுத் தரையில சோறு போட்டுச் சாப்பிடலாம்" என்று என் வாயாலேயே எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் ஒரு நர்ஸ். கை கழுவச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். கொரோனா சமயத்தில் கை கழுவும் முறையை ஒவ்வொரு படியாக வீடியோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். அவர் அதை ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. தோல் உரிந்து சிவந்திருந்த கைகளைப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அண்ணன் மகளைத் திருவதிகையில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரப் போவதில்லை, மாமியார் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் என்ன சொல்லும் என்று பாட ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்த, எட்டு மாச வயித்த வெச்சிகினு அந்தப் பின்கதவுப் படியில வழுக்கிகினு நிக்க என்னால ஆவாது. கொழந்த பொறந்தா அதயும் கழுவிகினே இருப்பாங்க" என்றாள். அழவில்லை. ஏற்கெனவே அழுது முடித்துவிட்டவளின் குரல் அது. அம்மாவிடமும் சொல்லிவிட்டாளாம். அம்மா போனை வைத்துவிட்டாராம்.

அந்த வாரமே அண்ணியின் பிறந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு காதுகுத்து. நானும் கூடப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் அசந்திருந்த நேரத்தில் அண்ணியைக் காணோம். தேடிப் போனால் உள்ளறையில் பீரோவின் கைப்பிடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. நடுவில் என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை தவறிவிட, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். நான் அந்தக் கைப்பிடியைப் பார்த்தேன். அது பளபளவென்று இருந்தது. அந்த வீட்டில் கரி இல்லை, சாம்பல் இல்லை. சுரங்கம் எங்கேயோ இருக்கிறது.

"அண்ணி, இங்க ஏதுங்க கரி?" என்று கேட்டேன்.

"இல்லன்னு தெரியுது பாப்பா. கைதான் நிக்க மாட்டேங்குது" என்றார். நாற்பத்தைந்து வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். கட்டிலில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் மீதியையும் சொன்னார். சரியாகத் துடைக்காத கையால் தொட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று உள்ளே ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்குமாம். முட்டாள்தனம் என்று அவருக்கே தெரியுமாம். துடைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு முன்பைவிட அதிகமாக வருமாம். "எம் பொண்ணு வராததே நல்லதுன்னு ஒரு மனசு சொல்லுது. இந்தக் கையால அந்தக் கொழந்தைய எப்பிடித் தூக்குவேன்?"

பதினைந்து வருடங்களாக நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது எதைப் பார்த்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவ்வளவு அவமானமாக இருந்தது.

மனநல மருத்துவரிடம் போவது என்றதும் அண்ணன் தயங்கினார். "இவளுக்கு இன்னா பைத்தியமா?" என்றார். அண்ணிதான் செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் கிளம்பினார். மகளின் ஏழாம் மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் வேறு யாருடைய சம்மதத்துக்காகவும் காத்திருக்க அவருக்கு நேரம் இல்லை.

அந்த டாக்டரம்மா இதற்கு எண்ணச் சுழற்சி நோய், இங்கிலீஷில் ஓசிடி என்று பெயர் சொன்னார். சுத்தத்தில் பிரியம் உள்ளவர் துடைத்து முடித்ததும் சந்தோஷப்படுவார், இவருக்குத் துடைக்கத் துடைக்கப் பயம்தான் வளரும், இது குணமும் இல்லை குற்றமும் இல்லை, சர்க்கரை மாதிரி ரத்த அழுத்தம் மாதிரி ஒரு நோய் என்றார். மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், பாதியில் நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். கூடவே ஒரு பயிற்சியும் உண்டு. பயப்படும் பொருட்களைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தொட்டபின் துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், சும்மா உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கும். அண்ணியின் பட்டியலில் கடைசியில் இருந்தது அண்ணனின் சேஃப்டி ஷூ.

டாக்டரம்மா அண்ணனையும் விடவில்லை. சுத்தமாக இருக்கிறதா என்று மனைவி கேட்கும்போதெல்லாம் "இருக்கு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி நோய்க்குத் தீனி போட்டது அவர்தானாம். இனிமேல் "தெரியலையே" என்று மட்டும் சொல்ல வேண்டும். அண்ணன் உத்தரவை மீறாத மனிதர். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாலும் தெரியலையே என்றார். ஒருநாள் அண்ணி கரண்டியை ஓங்கிவிட்டார். அன்று அந்த வீட்டில் பல வருடம் கழித்து வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டதாகப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா என்னிடம் சொன்னார்.

முதலில் காய்கறிப் பை முன்வாசல் வழியாக வந்தது. பிறகு செய்தித்தாள், அப்புறம் நான். மகளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது ஷூவின் முறை வந்தது. பின்படியிலிருந்து முன்படிக்கு, முன்படியிலிருந்து நிலைப்படிக்கு என்று அது ஒரு குடித்தனக்காரரைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடித்தது. கூடத்துக்குள் வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அண்ணி அதைத் தொட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றி வேர்த்து ஊற்றியது. கை குழாய் இருக்கும் பக்கம் இழுத்தது. ஒருமுறை எழுந்தே விட்டார். நான் பிடிக்கவில்லை, பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவராகவே மறுபடி உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, "எறங்குது பாப்பா" என்றார். நான் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

ஏழாம் மாதம் திருவதிகையில் வளைகாப்பு நடந்தது. அம்மாவைப் பற்றி நாங்கள் சொன்ன எதையும் மகள் நம்பவில்லை. வளைகாப்பு முடிந்து நெய்வேலிக்கு வேனில் வரும்போதே என்னிடம், இரண்டு நாள் இருந்து பார்ப்பேன், முடியவில்லை என்றால் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணி எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்து, ஆரத்தித் தட்டோடு முன்வாசலில் நின்றிருந்தார். வேன் நின்றது. மகள் இறங்கினாள். அம்மாவைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். ஆனால் கால் பழகிய வழிக்குத்தான் போனது. தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாகத் திரும்பிப் பின்கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். இரண்டு கை நிறையப் போட்ட கண்ணாடி வளையல்களின் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஏ பொண்ணே, அங்க எங்க போற? இப்பிடி முன்னால வா" என்றார் அண்ணி.

வளையல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பி வந்தது. அண்ணி ஆரத்தி எடுத்தார். தட்டைச் சுற்றியதில் கொஞ்சம் சிவப்புத் தண்ணீர் படியில் சிந்தியது. அதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பின்னால் நாங்கள் பத்துப் பேரும் கால் கழுவாமல் நுழைந்தோம். அண்ணன் கையில் ஒரு முழுப் பலாப்பழம்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாத்திரை இன்னும் தொடர்கிறது. தூக்கம் கெட்ட நாட்களில் துடைக்கும் துணி கையில் ஏறிவிடும். அன்று அண்ணியே அந்த ஷூ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் அது அங்கே இருக்கிறது.

போன வாரம் போயிருந்தேன். பேரன் இப்போது தவழ்கிறான். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டிவி மேஜைக்குக் கீழே புகுந்து, ஷூவின் லேஸை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். நான் "ஐயோ" என்று பாய்வதற்குள் அண்ணி அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாயையும் கைகளையும் கழுவிவிட்டுக் குழாயை மூடினார். என் கண் குழாயிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"எண்ணாத பாப்பா. ஒருவாட்டி போதும்" என்று சொல்லி, ஈரக் கையோடு குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஷூவைப் பழைய இடத்தில் நேராக வைக்கப் போனார். இன்னொரு தடவை கழுவினால் நல்லதோ என்று யோசித்துக்கொண்டு நின்றது நான்தான்.