அவன் பாட்டை நிறுத்துகிற இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதி, மூடி போட்ட கிண்ணம் ஒன்றை ஏந்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். உள்ளே கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், ஆவி பறந்துகொண்டிருந்தது. கொழும்பில் யார் தும்மினாலும் இருமினாலும் இதுதான் மருந்து. நம் ஊரில் ரசத்துக்குப் போடுகிற சாமானை இங்கே மருந்தாகக் குடிக்கிறார்கள் என்பதே எனக்கு வெகுநாள் வேடிக்கையாக இருந்தது. "உங்க வீட்டு மாத்தயாவுக்குத் தொண்டை ரொம்ப மோசம் நே. ஒவ்வொரு ஞாயிறும் கேக்குறேன்," என்றாள். மாத்தயா என்று மரியாதையாகக் கூப்பிட என் வீட்டில் ஆண்பிள்ளை யாரும் கிடையாது. ஒண்டிக்கட்டை. கொட்டாஞ்சேனைச் சந்தில் ஞாயிறு தோறும் மாதா கோவிலில் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டுக் கொடுத்து, மற்ற நாளில் தையல் தைத்துப் பிழைக்கிறவள். அவள் யாரைச் சொல்கிறாள் என்று புரிந்ததும் உள்ளே கூட்டிப் போய் கிராமபோன் பெட்டியைக் காட்டினேன். குழாய்க்குள் எட்டிப் பார்த்தாள். "நோய்க்காரனைப் பாடச் சொல்லித் தட்டுல போட்டு விக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு, கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள். பாவம், அவனுக்காகத்தானே காய்ச்சினாள். ஆறுவதற்குள் நானே குடித்தேன்.

அந்தக் குரல் என் அண்ணன் சூசையுடையது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கரி சுமக்கிறவன், உப்பு மூட்டை ஏற்றுகிறவன், தோணிக்காரன் எல்லாரும் அவன் குரலுக்குக் கிறுக்குப் பிடித்து அலைந்தார்கள். சாயங்காலம் வேலை விட்டதும் கடற்கரையில் அவனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், எழுப்பினாலும் எழும்ப மாட்டார்களாம். கோவில் பாட்டுக்குழுவில் அவனைச் சேர்க்கவில்லை. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். நம் பக்கத்தில் தொண்டை கட்டினவனை 'உப்பளத்தில் படுத்து எழுந்தவன்' என்பார்களே, அவன் உப்பளத்திலேயே குடியிருக்கிறவன் மாதிரிப் பாடுவான். ஒரே ஒரு இசைத்தட்டுதான் வந்தது. அது கடல் தாண்டி இந்தக் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்து, இங்கே உள்ள நம் ஆட்களையும் பைத்தியமாக்கியது.

தட்டும் பெட்டியும் மிக்கேல் அண்ணாச்சியுடையவை. அவர் துறைமுகத்தில் கூலியாட்களுக்குக் கங்காணி. தங்குகிற லயத்து வரிசைவீட்டில் இடமில்லை என்று சொல்லி என் வீட்டில் வைத்தார். இடமில்லாததல்ல காரணம் என்று எனக்குத் தெரியும். நான் யாருடைய தங்கச்சி என்பது அவருக்குத் தெரியும், அதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். "ஏளா செலினு, கேக்கணும்னா கேளு, இல்லைன்னா அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ," என்று முதல்நாளே சொல்லிவிட்டார். நான் அடுப்படிக்குள்தான் இருந்தேன். கதவைச் சாத்தவில்லை.

ஆப்பம் தின்ன வருகிற தம்பிராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், முறைப்படி சங்கீதம் கற்றவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். அவருக்கும் அண்ணாச்சிக்கும் ஞாயிறு தோறும் சண்டை.

"இதைப் பாட்டெண்டு எப்பிடி ஐயா சொல்லுறியள்? மரக்காலையிலை பலகை அறுக்கிற சத்தம்."

"பலகை அறுக்காமத் தோணி எப்படி வரும் வாத்தியாரே? வழவழன்னு பாடுதவன் குரல்ல ஏறி நீரு எந்தக் கரைக்குப் போயிருக்கீரு?"

"சரி, குரலை விடுங்கோ. அந்த நடுவிலை நிக்கிறானே, அது என்ன? தாளத்துக்குள்ளையும் இல்லை, மூச்சு எடுக்கிறதும் இல்லை. பாட்டு மறந்துபோச்சோ?"

"அங்கனதான் வாத்தியாரே எங்களுக்கு நெஞ்சை அடைக்கி. நீரு கையில தாளம் போடுதீரு, அதான் உமக்குத் தெரியல."

அவர்கள் சொன்ன இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம். எந்தப் பாட்டாக இருந்தாலும் பாதி வழியில் அண்ணன் சட்டென்று நிறுத்துவானாம். ஒரு சத்தமும் இருக்காது. கேட்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு, யாரோ அனுமதி கொடுத்த மாதிரி மறுபடி எடுப்பான். தட்டுப் பதிந்த கம்பெனிக்காரர்கள் நிறுத்தாமல் பாடச் சொன்னார்களாம். அவனால் முடியவில்லையாம். நேரம் வீணாகிறதென்று முணுமுணுத்துக்கொண்டே அப்படியே பதிந்தார்களாம். அவன் சோகத்தில் நிறுத்துகிறான் என்று ஒருத்தன் சொல்லுவான். அது ஒரு வித்தை, ஆளை ஏங்க வைக்கிற தந்திரம் என்று இன்னொருத்தன் சொல்லுவான். நான் அடுப்படியில் மாவைக் கலக்கிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் லாசர் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவராக இருந்தார். முத்துக்குளிப்பு நின்று வெகு வருஷமாகியிருந்தது. சங்குதான் சோறு போட்டது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிக்கிறவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். மற்றவனுக்குக் கை சளைக்கலாம், கவனம் சிதறலாம், தங்கச்சியின் தாலியைக் கையில் பிடித்திருக்கிறவனுக்குச் சிதறாது. ஆகவே என் கல்யாணம் முடிந்த அன்றே அண்ணன் கைக்குக் கயிறு வந்துவிட்டது. கீழே இருக்கிறவர் ஒரு இழுப்பு இழுத்தால் மேலே இருக்கிறவன் மளமளவென்று தூக்க வேண்டும். அந்த இழுப்பு வருவதற்கு முன்னால் தூக்கக் கூடாது. கை நிறையச் சங்கோடு இருக்கிறவனைப் பாதியில் தூக்கினால் அவனுக்கு அவமானம், சில சமயம் ஆபத்து.

அவர்கள் இரண்டு பேருக்கும் அது கரையிலும் விளையாட்டாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரர் எழுந்திருக்க மாட்டார். பக்கத்தில் இருக்கிற அண்ணனுடைய வேட்டி நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு. அண்ணன் உடனே எழுந்து இவர் கையைப் பிடித்துத் தூக்குவான். "என்ன மச்சான், இன்னைக்கு பாரம் சாஸ்தியா இருக்கு, தங்கச்சி கறியில உப்பு போட்டாளா, கல்லைப் போட்டாளா?" என்பான். நான் அகப்பையை ஓங்குவேன். எங்கள் வீட்டுச் சிரிப்பு அவ்வளவுதான். அது போதுமாயிருந்தது.

ஒருநாள் கடலில் அந்த இழுப்பு வரவில்லை. அண்ணன் காத்திருந்தான். வழக்கப்படி காத்திருந்தான். பிறகு வழக்கத்தை மீறித் தூக்கியபோது வெறும் கயிறு லேசாக வந்தது. அதற்கப்புறம் பொழுது சாயும் வரை தோணியின் விளிம்பில் நின்று "மச்சான், மச்சான்" என்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். கரைக்கு வந்தபோது அவன் தொண்டையில் குரல் இல்லை, அரைத்த சரளைதான் இருந்தது. அது திரும்பி வரவே இல்லை. ஊரில் யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அவன் என் முன்னால் வந்து நின்றால் எனக்கு அவன் முகம் தெரியாது, அவன் இரண்டு கைகள்தான் தெரியும். அதைத் தாங்க முடியாமல் கொழும்புக்குக் கப்பல் ஏறினேன். வழியனுப்ப வந்தவன் என் பெட்டியைக் கப்பல் வரை சுமந்து வந்தான். நான் போன பிறகுதான் பாட ஆரம்பித்தான் என்று கேள்விப்பட்டேன்.

தட்டு சுழன்று அந்த நிறுத்தம் வந்த முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுப்புக்காகக் காத்திருக்கிறான். இதை மாஸ்டரிடம் எந்தத் தாளக் கணக்கில் சொல்ல?

பிறகு, ஊருக்குப் போய் வந்த மிக்கேல் அண்ணாச்சி ஒருநாள் ஆப்பம் கேட்காமல் நின்றார். "ஏளா, சூசைக்கு தொண்டையில கட்டியாம். பேச்சே நின்னுட்டு. டாக்டர்மார் கையை விரிச்சிட்டாங்க. உன்னைத்தான் கையால கேக்கான்." கையால எப்படிக் கேட்டான் என்றேன். அண்ணாச்சி தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினார், சின்ன வயதில் என் உயரம். அவன் உயிரோடு இருக்கும்போது போகப் போகிறேனா, இல்லையா? இத்தனை வருஷமும் நான் பதில் சொல்லாமல் தள்ளிவைத்த கேள்வி அதுதான். கலக்கி வைத்த மாவு சுடாமலே புளித்துப் போனது. அடுத்த கப்பலில் கிளம்பினேன்.

வெள்ளைக்காரன் போன பிறகு கொழும்பும் தூத்துக்குடியும் இரண்டு நாடு. கொழும்புத் துறையில் அதிகாரி ஒருத்தர், எங்கே போகிறாய் என்று கேட்டார். வீட்டுக்கு என்றேன். திரும்பி வரும்போது தூத்துக்குடித் துறையில் ஒருத்தர் அதையே கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன்.

அண்ணன் வீட்டு வாசலில் கூலியாட்கள் முறைபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். "கொழும்புக்காரி வந்துட்டா, வழிய விடுங்கலே," என்றான் ஒருத்தன். பிறந்த ஊரில் எனக்கு அந்தப் பேர்தான் கிடைத்தது. உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் எலும்பாகக் கிடந்தான். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைகள் இரண்டையும் போர்வைக்குள் ஒளித்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது, நான் எதைப் பார்க்க முடியாமல் ஓடினேன் என்று.

போர்வையை விலக்கி அவன் வலக்கையை எடுத்தேன். கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருந்தது. அந்த உள்ளங்கைக்குள் என் விரல்களை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன், அவர் இழுக்கிற மாதிரி.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. பிறகு முகம் திரும்பியது. முழங்கை விறைத்தது. மெல்ல என் கையைத் தன் பக்கம் இழுத்தான். மற்ற கையையும் சேர்த்தான். ஒரு கை மாற்றி ஒரு கை, ஒரு கை மாற்றி ஒரு கை, என் விரலில் இருந்து மணிக்கட்டு, மணிக்கட்டில் இருந்து முழங்கை என்று பிடித்து, நான் அவன் நெஞ்சில் சாயும் வரை இழுத்தான். அவன் மூச்சு இரைத்தது.

"தூக்கிட்ட அண்ணே," என்றேன். "மேல வந்தாச்சு. கயித்தை விடு."

அவன் விடவில்லை. மறுநாள் குளிர்ந்துபோன அந்தக் கையை நாங்கள்தான் விரல் விரலாகப் பிரித்தோம்.

திரும்பி வந்த ஞாயிறு சோமாவதி மறுபடி கிண்ணத்தோடு வந்தாள். "உங்க ஊருக்குப் போய் வந்தீங்களாம் நே. அவருக்குச் சுகமா?" என்று கேட்டாள். ஹொந்தாய் என்றேன், நல்லாயிருக்கிறார் என்று அவள் பாஷையில். வாங்கிக் குடித்தேன். அண்ணாச்சி தட்டைப் போட்டார். பாடினவன் போய்ச் சேர்ந்ததை மாஸ்டருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவர் கை தொடையில் தாளம் போடவில்லை. நான் அடுப்படியை விட்டு வெளியே வந்து அவர்களோடு உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. குரல் நின்றது. குழாய்க்குள் கடல் மட்டும் இரைந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள். என் கை மடியில் கிடந்த முந்தானை நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தது.

அதன் பிறகுதான் அவன் பாடினான்.