கேட்டால் சொல்லிவிடுகிறவள்

மழை நாளின் மந்தைவெளி நெரிசல். லைசென்ஸ் சோதனையில் இரண்டு முறை தோற்கடித்த அந்த எட்டு. "பொம்பள ஓட்டுற வண்டியா?" என்று சிரித்த ஆட்டோ ஸ்டாண்டு. இத்தனையையும் ஜெயித்தவள் என் தங்கை மர்சலின். பள்ளிக்கூடமே போகாதவள், இன்று சாந்தோம் பிள்ளைகளை ஆட்டோவில் பள்ளிக்கு ஏற்றிப் போகிறாள். கிளம்புமுன் ஒவ்வொரு பையையும் இழுத்துப் பார்த்துத்தான் மாட்டுவாள்.

அவளிடம் "நல்லா கீறியா?" என்று சும்மா கேட்கக் கூடாது. முட்டி வலி, வீட்டுச் சண்டை, எல்லாம் சொல்லிவிடுவாள். அவசரக்காரர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவுவார்கள். எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் வீட்டுப் பேச்சை வாசல் தாண்ட விடமாட்டோம். "மறைச்சு வெச்சு இன்னா பண்ணப் போற, அக்கா?" என்பாள்.

ஆட்டோ முதலில் அவள் கணவர் பிரகாசம் ஓட்டியது. 2022 மழைக்காலத்தில், இருட்டத் தொடங்கினால் அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. "வெளிய தெரிஞ்சா ஒரு புள்ளையும் ஏறாது" என்று அவளிடம் மட்டும் சொன்னார். பயந்துபோய் மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிவர அவளும் கூடவே பள்ளிக்குப் போனாள். வாசலில் அஃப்சருன்னிசா என்ற தாய் வழக்கம்போல, "நல்லா கீறீங்களா, மர்சலின்க்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இவருக்கு இருட்டுனா கண்ணு தெரியல. உன் பொண்ணு இந்த வண்டியில தான வருது."

அன்று ஆட்டோ காலியாகத் திரும்பியது.

"என் பொழப்புல மண்ணப் போட்டியேடி" என்றார் பிரகாசம்.

"பொழப்பு போனா வேற பாக்கலாம்யா. புள்ளைங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா?"

அன்று இரவு அவரே சொன்னார்: "நானும் பயந்துகினேதான் ஓட்டினேன்."

இரண்டொரு நாளில் அஃப்சருன்னிசா வேறு சில தாய்மார்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர்களில் ஒருவர் பிரகாசத்தைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

"மறைச்சிருந்தீங்கன்னா உங்க மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்க்கா" என்றார் அஃப்சருன்னிசா. "வண்டி சும்மாதான கீது? நீங்க கத்துக்கினு ஓட்டுங்க. அதுவரைக்கும் நாங்களே மாத்தி மாத்தி புள்ளைங்கள கூட்டிக்கிறோம். வேற ஆட்டோ வெக்க மாட்டோம்."

"நான் கைநாட்டும்மா" என்று சிரித்தாள் மர்சலின்.

"வண்டி ஓட்ட கை இருந்தா போதும். நான் சொல்லித் தரேன்" என்றார் பிரகாசம். அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் அவர்.

இருக்கும் பார்வை குறையாமல் மருந்து காப்பாற்றி வருகிறது. இப்போது சமையல் அவர் பொறுப்பு. குழம்பில் உப்பு கூடினால் அதுவும் பள்ளி வாசலுக்குத் தெரிந்துவிடும்.

ஓடாமல் நின்ற ஆட்டோவின் தூசி படிந்த கண்ணாடியில்தான் விரலால் தன் பெயரை எழுதிப் பழகினாள். லைசென்சுக்கு மனு கொடுக்க நானும் கூடப் போனேன். ஐந்து எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். முடித்ததும், மையே படாத இடது கட்டைவிரலைப் பழக்கத்தில் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அன்று 2023 ஜூன் 14, புதன்கிழமை.