நட்சத்திரமேரியின் முகம்

காசிமேட்டில் ஏலம் எடுத்து டோல்கேட் பக்கம் பலகை போட்டு மீன் விற்கிற சிலுவையம்மாளுக்கு வாய் பெரிசு. தராசு நேர். பிள்ளை இல்லாதவள் என்று ஊர் சொல்லும். ஆனால் ஒரு பிள்ளை பிறந்தது. கல்யாணமான புதிதில், ஆஸ்பத்திரியில், மூச்சில்லாமல். பெண் குழந்தை என்று மட்டும் சொன்னார்கள். பார்த்தால் மறக்க மாட்டாள் என்று மாமியார் காட்ட விடவில்லை. புருஷன் தார்சியூஸ் துணியோடு வாங்கிக்கொண்டு போய் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

அப்போது பக்கத்துக் கட்டிலில் மகன் கமாலைப் பெற்றுப் படுத்திருந்தவள் ஷம்ஷாத். அந்த சிநேகம் விடவே இல்லை. மாதா திருநாளுக்கு வருஷா வருஷம் மெழுகுவர்த்தியோடு ராயபுரம் கோயிலுக்கு வந்துவிடுவாள். கேட்டால், "மரியம் அம்மா எங்களுக்கும்தான்" என்பாள்.

போன வருஷம் மாதா பிறந்தநாள் பூசை முடிந்ததும், "தாய்மாருங்க எல்லாரும் முன்னால வாங்க, பிள்ளைங்க பூ குடுப்பாங்க" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். சிலுவையம்மாள் வழக்கம்போலப் பக்கவாசல் வழியாக நழுவி, வெளியே இருந்த வியாகுல மாதா சுரூபத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். ஷம்ஷாத் பின்னாலேயே வந்தாள்.

"நீ போவலியா?"

"நான் போயி இன்னா பண்றது? புள்ளயா குட்டியா?" செத்துப்போன மகனை மடியில் கிடத்தியிருந்த மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தம்மாவுக்காச்சும் மடில வெச்சுக்கக் குடுத்தாங்க. நான் எம்புள்ள மூஞ்சியக்கூடப் பாக்கலடி."

மெழுகுவர்த்தி ஏற்றப்போன ஷம்ஷாத்தின் கை நின்றது.

"இன்னா சொல்ற? ஒனக்குக் காட்டலியா? காட்னாங்கன்னு இல்ல நெனச்சிகினு கீறேன் இத்தினி நாளும்! கெளறி வுட்டா நீ தாங்க மாட்டேன்னு நான் வாயே தொறக்கல."

"நீ பாத்தியா?"

"தூக்கினேன்டி. ஆயாம்மா கதவுகிட்ட பெஞ்சு மேல வெச்சிட்டுப் போயிடுச்சு. தனியா கெடந்துச்சு. மனசு கேக்கல. தார்சியூஸ் அண்ணன் வர்ற வரைக்கும் என் மடிலதான் வெச்சிருந்தேன்."

ஷம்ஷாத் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"தல நெறைய முடி. ஈரமா நெத்தில ஒட்டிகினு இருந்துச்சு. மூக்கு அப்டியே ஒன்னுது, சப்ப மூக்கு. கீழ் ஒதடு அண்ணன மாரி. தூங்குற புள்ள மாரியே இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச துவாவ ஓதினேன்."

"கனமா இருந்தாளா?"

"நல்ல கனம்."

அந்த வார்த்தைக்குத்தான் அவள் உடைந்தாள். ஷம்ஷாத்தின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். உள்ளே பூ வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை.

வீட்டில் தார்சியூஸ் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். படகு இன்ஜின் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காது மந்தமாகிவிட்ட மனுஷன். அவள் டிவியை அணைத்துவிட்டு, காதோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நானும் துணிய வெலக்கிப் பாக்கல சிலுவ. பாத்துட்டா குழில வெக்க முடியாதுன்னு பயம்." பிறகு கேட்டார். "மறுக்கா சொல்லு. மூக்கு யாருது?"

"என்னுது."

"ஒதடு?"

"ஒன்னுதுயா."

அவர் தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு வெச்சிட்டுத் திரும்பறப்ப விடியல. கடலுக்கு மேல ஒரே ஒரு வெள்ளி. நட்சத்திரமேரின்னு பேர் வெச்சா இன்னா?"

மறுநாள் இருவரும் பங்குச் சாமியாரிடம் போய், பூசையில் இறந்தவர்கள் பேர்களோடு அந்தப் பேரையும் வாசிக்கச் சொன்னார்கள். எப்போது இறந்தார்கள் என்று அவர் கேட்டார். "பொறந்தப்பவே சாமி" என்றாள் சிலுவையம்மாள். ஞானஸ்நானம் கொடுத்ததா, கொடுக்காத பிள்ளை பேரை எப்படி வாசிப்பது என்று கேட்பாரோ என்று பயந்தாள். அவர் கேட்கவில்லை. பேரை இன்னொரு தரம் சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார். "உங்க மக மாதாகிட்டதான் இருக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிலுவையம்மாள், தார்சியூஸ், ஷம்ஷாத் மூவரும் ஒரே பெஞ்சில். "தார்சியூஸ், சிலுவையம்மாள் தம்பதியரின் மகள் நட்சத்திரமேரி" என்று மைக்கில் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சிலுவையம்மாள் தலை குனியவில்லை.

"சொல்ட்டாரா?" தார்சியூஸ் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சொல்ட்டாருயா" என்று அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.