மூன்றாவது பிளக் ஒயர்

என் தம்பி பழைய பிக்கப் வண்டிகளுக்குச் சைலன்சர் மாற்றித் தருகிறவன். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. என்னைவிட ஏழு வயது இளையவன். பக்கத்துக் கொட்டகையில் நான் வண்டிகளுக்கு இருக்கை உறையும் தார்ப்பாயும் தைக்கிறேன். இரண்டு கொட்டகைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவன் தும்மினால் என் மிஷினில் நூல் அறும்.

அவனை நான் தூக்கி வளர்த்தேன். ஆறு வயதில் ஒரு நாய் அவனுடைய கணுக்காலைக் கடித்தது. அவன் குனிந்து நாயின் காதைத் திருப்பிக் கடித்தான். ஊசி போட்ட டாக்டர், "நாய்க்கும் ஒண்ணு போட்டுடலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். பதினாறு வயதில் அவன் வேலை செய்த பட்டறையின் முதலாளி, வெல்டிங் சரியில்லை என்று சூடான குழாயை அவன் முதுகில் வைத்தார். இவன் ஜாக்கிக் கம்பியால் முதலாளியின் முன்பற்கள் இரண்டை உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அக்கா, நாளையிலேருந்து வேலை இல்ல" என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தான். முதுகில் அந்தத் தழும்பு நான்கு விரல் அகலத்தில் இன்னும் இருக்கிறது.

சொந்தப் பட்டறை போட்ட பிறகு அவன் யார்மீதும் கை வைக்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் போன வருடம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவன் கையையே எடுக்க வந்தார்கள். அவன் ஒரு மனிதனை எரித்துவிட்டான் என்று சொன்னார்கள்.

எரிந்தவன் பிக்கப் ஓட்டுநர். ஒல்லியாக இருப்பான், குச்சி என்று கூப்பிடுவார்கள். அவன் அண்ணன் கல் ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர். அவருக்குப் பெயர் கிரேன். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தால் தெருவில் சிரிக்காதவர்கள் கிடையாது.

குச்சியின் முதலாளி, பதினெட்டு வருடப் பழைய வண்டி மேடு ஏற மூச்சு வாங்குகிறது என்று தம்பியிடம் கொண்டுவந்தார். தம்பி, இன்ஜினை ஒட்டி, புகையை வெளியே விடுகிற இரும்பு வார்ப்பை எடுத்துவிட்டு அகலமான முன்குழாய் போட்டான், பின்னால் பெரிய சைலன்சர் வைத்தான். நடுவில் இருக்கும் கன்வெர்ட்டர் பெட்டியை, அதாவது புகையைச் சுத்தம் செய்கிற பெட்டியை, அவன் தொடவில்லை. மற்ற பட்டறைகளில் அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டினால் டாஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் லைட் எரியும். உடனே அந்த லைட்டின் பல்பையும் பிடுங்கிவிடுவார்கள். தம்பி பெட்டியை வெட்டமாட்டான், பல்பைப் பிடுங்கமாட்டான். "லைட்டு எரியுதுன்னா வண்டி பேசுதுன்னு அர்த்தம். வாயைக் கட்டிட்டா அப்புறம் நெஞ்சு வலிச்சாலும் அதால சொல்ல முடியாது" என்பான். அதற்காகவே சிலர் அவனிடம் வரமாட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து அந்த வண்டி காலிப் பிளாஸ்டிக் பெட்டிகளோடு போகும்போது அடியில் தீப்பிடித்தது. கன்வெர்ட்டர் பழுத்துச் சிவந்து, மேலே தரையைச் சுட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த பழைய சாக்கைப் பற்றவைத்தது. கதவு சூட்டில் இறுகிவிட்டது. குச்சியை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வெந்துவிட்டன.

எச்சரிக்கை லைட் எரியவே இல்லை, சைலன்சர் கடைக்காரன் பல்பைப் பிடுங்கியிருப்பான் என்று யாரோ கிரேனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். முதலில் கேட்கவில்லை, அடித்தார். சுவரில் மாட்டியிருந்த குழாய்களில் ஒன்றை உருவி, தம்பியின் தோளில் போட்டார். தம்பி விழுந்தான். ஆட்கள் இரண்டு பேரும் அவன் வயிற்றில் உதைத்தார்கள். சத்தம் கேட்டு நான் துணி வெட்டும் கத்திரிக்கோலோடு ஓடினேன். எதிரில் இருந்த டயர் கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளேயிருந்து, "அடிக்காதீங்கப்பா, பேசித் தீத்துக்கங்க" என்றார்.

நான் உள்ளே போனபோது தம்பியின் வலது கையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெஞ்ச் வைஸில் வைத்திருந்தார்கள். கிரேன் அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தார்.

"பல்பை எங்கடா போட்ட?"

"நான் எடுக்கலண்ணே."

"என் தம்பி கால்ல தோலே இல்லடா. இன்னொரு தடவ சொல்லு."

"நான் எடுக்கல."

அவர் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்போல இரண்டு தடவை கேட்டது. தம்பி கத்தவில்லை, ஊளையிட்டான். நான் கத்திரிக்கோலைக் கிரேனின் மேல்கையில் செருகினேன். இரண்டங்குலம் போயிருக்கும். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுகையால் என் இடது காதில் அறைந்தார். நான் கிரீஸ் டப்பாக்களின் மேல் போய் விழுந்தேன். அந்தக் காதில் இன்றைக்கும் பாதிதான் கேட்கிறது.

"அக்காவ விடுங்கண்ணே" என்றான் தம்பி. அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. "எரிஞ்ச வண்டி எங்க இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போங்க. பல்பு இல்லன்னா இந்தக் கையையும் வெச்சுக்கங்க." இடது கையைத் தூக்கிக் காட்டினான்.

கிரேன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வைஸைத் தளர்த்தினார்.

இருக்கைக்கு வைக்கும் பஞ்சை வைத்து, ரெக்சின் துண்டால் தம்பியின் கையைச் சுற்றினேன். கிரேன் தன் காயத்தில் சட்டையைக் கட்டிக்கொண்டார். ஐந்து பேரும் ஒரே வண்டியில் போனோம். ஒரு திருப்பத்தில் தம்பியின் கை கதவில் இடித்தது. "மெதுவா ஓட்டுடா" என்று கிரேன்தான் தன் ஆளைத் திட்டினார்.

வண்டி முதலாளியின் கிடங்குக்குப் பின்னால் நின்றது. சீட்டும் தரையும் கரியாகிவிட்டன. பின்னால் பெட்டிகள் உருகி ஒரே கட்டியாக உறைந்திருந்தன. தீ சீட்டிலிருந்து பின்பக்கமாகப் போனதால் டாஷ்போர்டு புகையேறிக் கறுத்திருந்ததே தவிர எரியவில்லை. முன்னால் இன்ஜின் இருக்கும் இடத்தைத் தீ தொடவேயில்லை.

தம்பி இடது கையால் மீட்டரைக் கழற்றினான். திருப்புளியைப் பிடிக்க வரவில்லை. கிரேன் பிடித்துக்கொண்டார். மீட்டரைப் பின்பக்கம் திருப்பினான். எல்லாப் பல்பும் இருந்தன. இன்ஜின் லைட்டின் பல்பைத் தனியாக எடுத்து வெயிலில் பிடித்தான். உள்ளே கம்பி அறவில்லை.

"அப்புறம் ஏன் எரியல?" என்றார் கிரேன்.

தம்பி மீட்டரின் முகத்தைச் சட்டையால் துடைத்தான். கரி போன இடத்தில், இன்ஜின் லைட்டின் மேல் மட்டும், நகத்தளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு நுனி மட்டும் உள்ளே மடிந்திருந்தது.

கிரேன் அதை விரலால் தொட்டார். "இது அவன் ஒட்டினது. அவன்தான் நுனிய மடிச்சு ஒட்டுவான். திரும்பப் பிரிக்க வசதின்னு." பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்: "ஃபோன் பண்ணினான். 'அண்ணே, மஞ்ச லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு, எரிச்சலா இருக்கு'ன்னான். 'அதப் பாத்துட்டிருந்தா லோடு எப்ப இறக்குவ, டேப்ப ஒட்டிட்டு ஓட்டுடா'ன்னு நான்தான் சொன்னேன். பல்ப நீ பிடுங்கிட்டன்னு யாரோ சொன்னதும், பழி என் மேல இல்லன்னு அதையே பிடிச்சுக்கிட்டேன்."

அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் காலடியைப் பார்த்தார்கள். எங்களைத் தடுக்க இப்போது யாரும் இல்லை. நான் தம்பியின் முழங்கையைப் பிடித்து, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

அவன் நகரவில்லை. "கண்ணடிச்சுதா? சும்மா எரியல, விட்டு விட்டு எரிஞ்சுதா?"

"கண்ணடிச்சுதுன்னுதான் சொன்னான்."

"அப்ப ஒரு பிளக்கு அடிக்கலன்னு அர்த்தம்." என்னிடம் மெதுவாக விளக்கினான்: ஒரு பிளக் பொறி தராவிட்டால் அந்தப் பெட்ரோல் எரியாமல் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரியும், பெட்டி பழுக்கும். "ஏன் அடிக்கலன்னு பாக்கணும்."

நான் அவன் காதருகே, "வாய மூடிட்டு வாடா" என்றேன். அப்படித்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

அவன் போய் முன்மூடியைத் திறந்தான். நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகத் தடவினான். மூன்றாவதில் கை நின்றது. அந்த ஒயரின் ரப்பர் உறை, அவன் போட்ட அகலக் குழாயின்மேல் சாய்ந்து, பாலாடை மாதிரி பொங்கி வெடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. குழாயின் வளைவுக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையாது. பழைய வார்ப்பு இருந்தபோது மூன்று விரல் நுழையும்.

"அண்ணே, இங்க வாங்க" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த ஒயர என் குழாய்தான் சுட்டிருக்கு. வளைவ நான் கிட்டக் கொண்டுவந்துட்டேன். அதனாலதான் லைட்டு கண்ணடிச்சுது. ஒட்டினது நீங்க சொல்லி. எரிய வெச்சது நான்."

கிரேன் ஒயரைப் பார்த்தார். பிறகு தம்பியின் வாயில் குத்தினார். தம்பி மண்ணில் மல்லாந்து விழுந்தான். உதடு கிழிந்து பல் வெளியே தெரிந்தது. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். கையில் ஒன்றுமில்லை. கிரேன் இரண்டாவது முறை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. திரும்பிப் போய் எரிந்த கதவில் தன் நெற்றியை மோதினார். ஒரு தடவை, இரண்டு, மூன்று. கதவுத் தகரம் உள்ளே குழிந்தது. நான்காவது தடவைக்கு முன் அவர் ஆட்கள் அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, மேலே உட்கார்ந்தார்கள். மூக்கு வழியாக ரத்தம் ஒழுகியது. "விடுங்கடா, விடுங்கடா" என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்று ஒரே ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தையல் போட்டார்கள். தம்பியின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி வைத்தார்கள். கட்டுப் போட்ட நர்ஸ், "எல்லாரும் ஒரே விபத்தா?" என்று கேட்டார். "ஆமாம்மா, ஒரே விபத்துதான்" என்றார் கிரேன். போலீஸில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பி மேல்மாடிக்குப் போய்க் குச்சியைப் பார்த்தான். நானும் போனேன். குச்சியின் கால்களுக்குமேல் கூண்டு மாதிரி வைத்துத் துணி போட்டிருந்தார்கள். தம்பி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கிரேன் டேப் ஒட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அவரும் அங்கே இருந்ததால்.

குச்சி கேட்டு முடித்ததும், கட்டில் ஓரத்தில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசினான். ஒல்லிக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தம்பியின் புருவம் பிளந்தது. யாரும் தடுக்கவில்லை, தம்பியும் விலகவில்லை.

"அந்தக் குழாய இன்னும் எத்தனை வண்டிக்குப் போட்டிருக்க?" என்று கேட்டான் குச்சி.

"பத்து."

"சொல்லிட்டியா?"

"இல்ல. முதல்ல உங்கிட்ட வந்தேன்."

"எங்கிட்ட எதுக்கு வந்த? நான்தான் வெந்துட்டேனே. போய் அவங்ககிட்ட சொல்லு, போ."

அன்றைக்கே கிளம்பினோம். கட்டுப் போட்ட கையும், தையல் போட்ட உதடும், புருவத்தில் புதுப் பிளாஸ்திரியுமாக அவன் முன்னால் நடந்தான். நான் புது ஒயர்களையும் சூடு தாங்கும் தகடுகளையும் பையில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பத்து வண்டிக்கும் ஒன்பது நாள் ஆனது. மூன்று பேர் அடித்தார்கள். ஒருவர் செருப்பால். இரண்டு பேர், இனி உன் பட்டறைப் பக்கம் வரமாட்டோம் என்றார்கள். ஒருவர், "உங்களை ஏற்கெனவே யாரோ அடிச்சு முடிச்சிட்டாங்க போலிருக்கே" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்தாவது, கல்லுடைக்கும் இடத்தில் ஓடுகிற வண்டி. ஓட்டுநர் தடித்த ஆள். தம்பி சொல்லச் சொல்ல அவர் கழுத்து நரம்பு புடைத்தது. முன்மூடியைத் திறந்தோம். மூன்றாவது ஒயரின் உறை பழுப்பாகி, மேலே சின்னச் சின்னக் குமிழ் விட்டிருந்தது. இன்னும் வெடிக்கவில்லை. ஓட்டுநர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு தம்பிக்கு நேராக வந்தார்.

தம்பி வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "அடிங்கண்ணே."

"முதல்ல ஒயர மாத்துடா" என்றார் அவர். "அப்புறம் அடிக்கிறேன்."

தம்பி இடது கையால் மாற்றினான். நான் டார்ச் பிடித்தேன்.