இரண்டு தொகுதிகளுக்கு நடுவில் நின்றுபோன நாடகம்

போன மாதப் பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. ஈப்போவில் எங்கள் குழு ஒரு பழைய நாடகத்தை மேடையேற்றப்போகிறது. ஆசிரியர் பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போதே சொன்னால் இயக்குநர் கோபித்துக்கொள்வார். கடையில் கிடைக்கும் பதிப்பில் மனைவி வீட்டைவிட்டுக் கிளம்பியதும் திரை விழுகிறது. அவருடைய நாடகங்கள் முதன்முதலில் இரண்டு தொகுதிகளாக அச்சானபோது, அதற்குப் பிறகும் ஒரு காட்சி இருந்ததாம். அந்த முதல் பதிப்பு பினாங்குத் தீவில், கெலுகோரில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

ஈப்போவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், பட்டர்வொர்த். அங்கிருந்து தீவுக்குப் படகில் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட். பாலம் வழியாகப் போனால் அந்தக் கடற்காற்று கிடைக்காது. படகுத்துறையிலிருந்து கெலுகோருக்கு வாடகைக் காரில் இருபது நிமிடம்.

புத்தகம் வைத்திருந்த நாதன் அண்ணே பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணி சுற்றிய புத்தகத்தை எடுத்துவந்தார். முதல் தொகுதி. எங்கள் நாடகம் அதில் கடைசி. மனைவி பையை எடுக்கிறாள், வாசலுக்கு வருகிறாள், பக்கம் முடிந்துவிட்டது. மீதியை அச்சகத்தார் அடுத்த தொகுதியில் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டாவது டத்தோ கிராமாட் ரோட்ல இருக்கு தங்கச்சி, மகேஸ்வரிகிட்ட. எங்களுக்கு டிவோர்ஸ் ஆனப்ப ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டோம்."

இரண்டும் ஒரே பதிப்புதானா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கொண்டுபோய்த் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன். புத்தகத்தைத் திரும்பவும் துணியில் சுற்றினார்.

"கையில குடுக்க மாட்டேன் லா. நானே கொண்டு வரேன். ஆனா மொதல்ல அவங்கள கேளுங்க."

மகேஸ்வரி அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"மழ வர்ற மாதிரி இருக்கு," என்றார் அக்கா. "புக்க பிளாஸ்டிக்ல சுத்திக் கொண்டாரச் சொல்லுங்க."

அண்ணேயின் காரில் போனோம். ஜாமில் அரை மணி நேரம். வீட்டு கேட்டைத் தாண்டாமல் அவர் அங்கேயே நின்றுவிட்டார். அக்கா வெளியே வந்து, "உள்ள வாங்க லா, எவ்வளவு நேரம் நிப்பீங்க," என்றார்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தொகுதிகளையும் ஒட்டி வைத்தோம். ஒரே தாள், ஒரே எழுத்து. வாய்விட்டுப் படிக்கலாமே என்றது நான்தான். அக்கா மனைவி, அண்ணே கணவன். "நான் வருகிறேன்" என்று அவள் சொல்வதோடு முதல் தொகுதி முடிந்தது. இரண்டாவதைத் திறந்து அண்ணே படித்தார்: "வண்டி வரும்வரை நானும் நிற்கிறேன்."

அவ்வளவுதான் அந்தக் காட்சி. இருவரும் தெருவில் நிற்கிறார்கள். சண்டையில்லை, சமாதானமும் இல்லை. மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது, கிணற்றுக் கயிற்றை மாற்ற வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். பாதியில் அண்ணே புத்தகத்தை அக்கா பக்கம் நகர்த்தினார். அவருடைய வரிகளையும் அக்காவே படித்து முடித்தார்.

கிளம்பும்போது அண்ணே புத்தகத்தை எடுக்கவில்லை. "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கட்டும்."

"உங்களுக்குப் படிக்கணும்னா?"

"வந்து படிக்கிறேன்."

அக்கா தலையாட்டினார்.

பழைய பதிப்பு தேடிப் போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். கையில் ஈரம் வேண்டாம், கேமராவில் ஃபிளாஷ் வேண்டாம். விலை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காட்சியைப் பின்னால் பதிப்பித்தவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்திருக்கலாம். நாங்கள் முழுதாகப் போடுகிறோம்.

நேற்று டிக்கெட்டுக்காக அக்காவிடம் பேசினேன். இருவருக்கும் தனித்தனியாக இடம் வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அவருக்கு எடது காது சரியா கேக்காது," என்றார். "முன் வரிசையில போடுங்க. நான் அவருக்கு வலது பக்கம் உக்காந்துக்குறேன்."