புரட்டாசி கழியட்டும்

மில் எவ்வளவு இரைந்தாலும் முத்து முகம்மதுவின் உதடு அசைவது நிற்பதில்லை. கையில் மை பரவிய சைக்ளோஸ்டைல் தாள். மிளகாய் நெடியில் வாடிக்கையாளர்கள் தும்மிக்கொண்டு நிற்பார்கள். "இருங்கலா, தங்கச்சி வெண்டைக்காய இன்னும் இறக்கல" என்று பக்கத்தை முடித்துவிட்டுத்தான் இந்த ஈப்போ மசாலை வியாபாரி தலை நிமிர்வார்.

தங்கச்சி என்பது நவமணி. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவுகிறவர். அங்குள்ள வாசகர் வட்டம் மாதந்தோறும் இருநூறு பிரதி உருட்டி எடுக்கும் இந்தத் தாளில் சமையல் பக்கம் அவருடையது. அவர் எழுதியதுதான் சுற்றியுள்ள தோட்டங்களில் அடுத்த வாரக் குழம்பு.

எண்பத்திரண்டில் முத்து முகம்மது மீன் மசாலை போட்டார். ஈப்போவில் சீந்துவாரில்லை. தீபாவளிக்குள் நகராவிட்டால் அந்த அரைப்பையே நிறுத்திவிட வேண்டும் என்று மனைவி சுபைதா கெடு வைத்துவிட்டார். நவமணி ஒரு வரி எழுதினால் போதும், பிழைத்துக்கொள்ளும்.

அதற்குள் பெரிய கம்பெனி ஆள் ஒருவன் மீன் மசாலையும் பிஸ்கட் டின்னுமாகத் தோட்டத்துக்கே போய்விட்டான் என்று சேதி வந்தது. பாராட்டையும் தட்டச்சு செய்தே கொண்டுபோனானாம், நவமணி பெயர் போடவேண்டியதுதான் பாக்கி.

"அவன் முந்திக்கிட்டான், நீங்களும் ஓடுங்க" என்று சுபைதா துரத்தினார்.

"புரட்டாசி கழியட்டும்லா. அது கவிச்சி தொடாத மாசம். போன வருசமே அந்தப் புள்ள எழுதியிருக்கு."

மனிதர் அசையவில்லை. அடுத்த தாளில் நவமணி எழுதியிருந்தார்: "புரட்டாசியில் மீன் மசாலையும், நான் சொல்லாத சொல்லும் ஒரே பொட்டலத்தில் வந்தன. இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டேன்."

ஐப்பசி பிறந்ததும் முத்து முகம்மது பஸ் ஏறினார். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்து, குளித்து, நவமணி ஓயும் நேரம் மூன்று மணிக்கு மேல்தான் என்பதும் படித்துத் தெரிந்ததே.

"நல்லாருந்தா எழுதுங்க தங்கச்சி, நல்லால்லாட்டியும் எழுதுங்க. எழுதப் புடிக்கலன்னா ஆக்கித் தின்னுட்டு விட்டுடுங்க."

"அப்ப உங்களுக்கு என்னண்ணே லாபம்?"

"நாலு வருசமா உங்க பக்கத்த நான் சும்மாதானே படிக்கிறேன்."

நவமணி சிரித்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

தாள் வந்தது. "வாசம் நாலு வீடு தாண்டுகிறது. ஆனால் மல்லி கூடுதல், குழம்பு களியாகிவிடுகிறது." முத்து முகம்மதுவின் முகம் சுண்டிப்போயிற்று. பகல் சோறு இறங்கவில்லை. மாலையில் மீன் வாங்கிக் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னார். ஒரு வாய் தின்றார். "புள்ள சொன்னது நெசம்" என்று மில்லுக்குப் போய், மறுநாள் அரைப்புக்கு மல்லியைக் குறைத்தார்.

திரும்பி வந்தபோது சுபைதா கையில் கத்தரிக்கோலும் தாளும் இருந்தன. "வாசம் வரைக்கும் வெட்டிக் கண்ணாடியில ஒட்டிடலாம். மல்லி சங்கதி நம்மளோட போகட்டும்."

அவர் கத்தரிக்கோலை வாங்கி, டேப்பை நான்கு துண்டு நறுக்கி, முழுத் தாளையும் கடை முகப்புக் கண்ணாடியில் ஒட்டினார். பிறகு தெருவில் இறங்கி, யாரோ வழிப்போக்கர் மாதிரி கையைப் பின்னால் கட்டி நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து மல்லி வரைக்கும் உதடசையப் படித்தார்.